கிழிந்த இறக்கை எவ்வளவு தூரம் போகும்?

“முள்கம்பில வௌவால் ஒண்ணு மாட்டிக் கெடந்துச்சுங்கண்ணா. எடுத்து விட்டேன், பறந்துருச்சு. ஆனா இறக்கையில ஓட்ட. பொழைக்குமா?”

நீலகிரியில் பிளம்ஸ் பழுக்கிற மாதங்களில், குன்னூரோ கோத்தகிரியோ, ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி வந்து விழுந்துவிடும். கேட்பவர் லைன் வீட்டுக்குப் பின்னால் கேரட் போட்டு, காட்டெருமைக்கும் பன்றிக்கும் பயந்து வேலி கட்டியவராக இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வர்க்கியை நனைத்தபடியே தீர்ப்பும் சொல்லிவிடுவார்: “ஒத்தப் பக்கம் கிழிஞ்சா அவ்ளோதான் தம்பி. சுத்திச் சுத்தி வந்து கீழதான் விழும்.”

விழாது. பெரும்பாலும் விழாது. ஆனால் அதற்காக ‘ஒன்றும் ஆகாது’ என்றும் சொல்லிவிட முடியாது. நடுவில் உள்ள கதைதான் சுவாரசியமானது. அதற்கு இன்னொரு டீ சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களை விரியுங்கள். கட்டைவிரலை விட்டுவிடுங்கள், வௌவாலுக்கும் அது தனியாகத்தான் நிற்கும், கொக்கி போன்ற நகத்தோடு, கிளையைப் பற்றி ஏற. மற்ற நான்கு விரல்களும் ஆளுயரத்துக்கு நீண்டு வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு விரல் இடையே மெல்லிய தோல். சுண்டுவிரலிலிருந்து விலாவுக்கும், அங்கிருந்து கணுக்கால் வரைக்கும் இன்னொரு பெரிய தோல். தோளிலிருந்து மணிக்கட்டு வரை, கைக்கு முன்பக்கமாக ஒரு சிறிய பட்டை. பூச்சி தின்னும் வௌவால்கள் பலவற்றுக்கு இரண்டு காலுக்கும் நடுவே வாலோடு சேர்ந்தும் ஒரு தோல் உண்டு. பறக்கும்போதே பூச்சியை அதில் வாரிக்கொள்ளும். இவ்வளவுதான் இறக்கை. அதாவது அது ஒரு கை. வௌவாலுக்கு இறக்கைக் காயம் என்றால் கைக்காயம்.

பறவையின் சங்கதி வேறு. காக்கைக்கு ஓர் இறகு முறிந்தால் அடுத்த முறை இறகு உதிர்த்து முளைக்கும்போது புதிது வந்துவிடும். வௌவாலிடம் உதிர்த்துவிட்டு மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இருக்கிற தோலே மூடி ஆற வேண்டும். அந்தத் தோலோ உடம்பின் மொத்தத் தோல்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல். உடம்புச் சூட்டை வெளியேற்றுவதும் அது வழியாகத்தான். வெளிவிடும் கரியமில வாயுவில்கூட ஒரு சிறு பங்கு இறக்கைத் தோல் வழியாகவே போகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

விரிந்த இறக்கைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் அது வெறும் தோல் அல்ல என்பது தெரியும். உடம்பிலிருந்து இறக்கை நுனியை நோக்கி வரிவரியாக ஓடுபவை மீள்நார்கள். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குபவை. அவற்றுக்குக் குறுக்கே, முன்னிருந்து பின்னாக, நூல் போலச் சில தசைகள் தெரியும். எலும்பையும் எலும்பையும் இணைக்கிற வேலை அவற்றுக்கு இல்லை. தோலுக்குள்ளேயே கிடந்து, பறக்கும்போது தோலை விறைக்க வைக்கின்றன. இவற்றின் ஊடே ரத்தக் குழாய்கள். 1852இல் வார்ட்டன் ஜோன்ஸ் என்ற மருத்துவர் உயிருள்ள வௌவாலின் இறக்கையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார்: இறக்கையின் சிரைகள் நிமிடத்துக்குப் பத்து முறை அளவில் தாமாகவே சுருங்கி விரிகின்றன. இதயத்திலிருந்து அத்தனை தூரம் போன ரத்தத்தைத் திரும்பத் தள்ளிவிட அங்கங்கே ஒரு சின்ன ஏற்பாடு. காயம் எப்படி ஆறுகிறது என்ற இடத்தில் இந்த ரத்த ஓட்டம் திரும்ப வரும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. இறக்கைமேல் பரவலாகக் குட்டையான நுண்முடிகள். காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் தடவுகிறது என்பதை உணர்வது இவைதான். 2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முடி நீக்கும் களிம்பைத் தடவி இவற்றை அகற்றிவிட்டுப் பறக்கவிட்டார்கள். தோல் கிழியவில்லை, எலும்பு முறியவில்லை. ஆனாலும் அந்த வௌவால்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பறந்தன. தடைகளைச் சுற்றித் திரும்பும்போது அகலமாகத் திரும்பின. தோல் கிழியும்போது அந்த இடத்தின் காற்றுச் செய்தியும் சேர்ந்தே அறுந்துபோகும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இனி கிழிசலுக்கு வருவோம். ஓட்டை எவ்வளவு பெரியது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. காய்கறி மூட்டை ஏற்றி மலையிறங்கும் லாரியின் தார்ப்பாயைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் ஓர் ஓட்டை இருந்தாலும் மேட்டுப்பாளையம் வரை சத்தமில்லாமல் போய்விடும். ஓரத்துக் கயிறு ஒன்று அவிழ்ந்தால் போதும், முழுப் பாயும் படபடவென்று அடிக்கும். இறக்கையும் அப்படித்தான். தோலின் நடுவில் விழுந்த ஓட்டையைச் சுற்றி விரலும் விலாவும் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள பகுதி விறைப்பாகவே நிற்கும். மேலும் கீழும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தில் தோல் மெல்லப் புடைத்து, தூக்கு விசை பிறக்கும். பின்விளிம்பு கிழிந்தால் அந்தக் கட்டம் முழுவதும் இழுவிசையை இழக்கிறது. புடைக்க வேண்டிய தோல் துடிக்கிறது. தூக்குவது குறைகிறது, பின்னுக்கு இழுப்பது கூடுகிறது.

அதிலும் சுண்டுவிரலுக்கும் விலாவுக்கும் நடுவில் உள்ள பெரிய தோல்தான் உடம்பைத் தாங்கும் வேலையைப் பெரும்பாலும் செய்கிறது. விரல்களுக்கு இடையில் உள்ள நுனிப்பகுதி முன்னுக்கு உந்துகிறது. பெரிய தோல் கிழிந்தால் தாங்குவது குறையும். நுனி போனால் உந்துவதும் திருப்புவதும் குறையும்.

அப்படியானால் ஒரு பக்கம் மட்டும் கிழிந்த வௌவால் ஏன் சுற்றிச் சுற்றி விழுவதில்லை? பெர்லினில் உள்ள, உயிரியல் பூங்கா மற்றும் வனவிலங்கு ஆய்வுக்கான லைப்னிட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஃபாய்க்ட் 2013இல் இதற்கென்றே ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார். அமெரிக்க வெப்பமண்டலத்தில் வாழும் இரண்டு சிறிய பூச்சியுண்ணி இனங்களை எடுத்துக்கொண்டார். சிலவற்றுக்கு முழு இறக்கை. சிலவற்றுக்கு, ஒரு பக்கத்துப் பெரிய தோலின் பின்விளிம்பு கிழிந்திருந்தது. எல்லாவற்றையும் வட்டமான ஓர் அரங்கில் பறக்கவிட்டு, எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார்.

கிழிந்தவை தத்தளிக்கும், கூடுதல் சக்தி செலவழிக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது தலைகீழ். வேகம் இரண்டு கூட்டத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே. செலவான சக்தியோ, எடை வித்தியாசத்தைக் கழித்த பிறகும், கிழிந்தவற்றுக்குக் குறைவு. காரணம் இதுவாக இருக்கலாம்: அவை சட்டென்று திரும்பிப் பறப்பதைக் குறைத்துக்கொண்டன. இன்னொன்றும் தெரிந்தது. கிழிந்த இறக்கைக்காரர்கள் உடல் எடையிலும் மெலிந்திருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு. வௌவாலின் எடையை அதன் இறக்கைப் பரப்பால் வகுத்தால் வருவது ஒவ்வொரு சதுர அங்குலத் தோலும் தாங்கும் சுமை. நேராகப் பறக்கும்போது இறக்கை தாங்க வேண்டியது உடல் எடையை மட்டும். திரும்ப வேண்டுமானால் உடம்பைச் சாய்க்க வேண்டும். அப்போது அதே இறக்கை எடையையும் தாங்கி, உடம்பை உள்வட்டத்துக்கும் இழுக்க வேண்டும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் இறக்கைமேல் விழும் சுமை இரண்டு மடங்கு. சுமை ஏற்கெனவே கூடுதலாக உள்ள இறக்கை, அதே வேகத்தில், சிறிய வட்டத்தில் திரும்ப முடியாது. 10 கிராம் எடையுள்ள வௌவால் இறக்கைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கை இழந்தால், பழைய சுமைக்கே திரும்ப அது 9 கிராமாக இளைக்க வேண்டும்.

மெலிந்தது, சுமையைக் குறைத்துக்கொள்ளவா, அல்லது சரியாக இரை பிடிக்க முடியாமல் பட்டினி கிடந்தா? எடை குறைப்பது ஈடுகட்டும் வழியாக இருக்கலாம் என்று ஃபாய்க்ட் கருதுகிறார். இரண்டும் கலந்ததாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. குறைவாகச் செலவழிப்பதைச் சிக்கனம் என்று பாராட்டிவிட முடியாது. அந்துப்பூச்சி நேர்கோட்டில் பறந்து வாயில் வந்து விழுவதில்லை. வளைந்து தப்பும் இரையை வளைந்தே பிடிக்க வேண்டும். திரும்பாத வௌவாலுக்குச் செலவு மட்டுமல்ல, வரவும் குறைவு.

தேயிலை மலைக்கும் இதற்கும் ஒரு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. நம் பக்கத்து மலையான வால்பாறையில் கிளேர் வேர்ட்லி என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் காடு, காப்பி, தேயிலை, ஆற்றங்கரை என்று இடம் இடமாக வௌவால்களைப் பிடித்தும், அவற்றின் ஒலியைப் பதிவுசெய்தும் பார்த்தார்கள். 2017இல் முடிவுகள் வந்தன. நிழல்மரம் உள்ள காப்பித் தோட்டத்தில் கிட்டத்தட்ட காட்டுக்கு ஈடாகப் பலவகை வௌவால்கள். தேயிலையில் மிகக் குறைவு. யார் யார் தேயிலையில் நிற்க முடியாமல் போனார்கள் என்று பார்த்தால், பழம் தின்பவை, பெரியவை, ஒரே சுருதியில் ஒலியெழுப்பி எதிரொலி கேட்பவை, கூடவே குட்டையும் அகலமுமான இறக்கை கொண்டவை. குட்டை அகல இறக்கை என்பது அடர்ந்த இலைகளுக்குள் மெதுவாக நுழைந்து, நின்று, திரும்பிப் பறப்பதற்கான அமைப்பு. குதிரைலாட வௌவால்கள் இந்த ரகம். இலைமேலும் தரையிலும் இருக்கும் இரையைக் கொத்திக்கொண்டு எழும்பும் பொய் இரத்தக்காட்டேரி வௌவாலும் இந்த ரகமே. தேயிலைச் சரிவு நுனி வெட்டிய திறந்தவெளி. அங்கே இவற்றுக்கு வேலை இல்லை.

இப்போது இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள். கிழிசலால் முதலில் போவது திரும்பும் திறன். திரும்பும் திறனை வைத்தே பிழைப்பவை சோலைக்குள் வாழும் வௌவால்கள். ஆக, ஒரே அளவுக் கிழிசல் எல்லா வௌவாலுக்கும் ஒரே அளவு நஷ்டம் அல்ல. திறந்த வானத்தில் விரைந்து பறப்பது சமாளித்துக்கொள்ளும். நான்கடி அகலத்துக்கு இறக்கை விரிக்கும் பெரிய பழந்தின்னியும், பழமரம் ஓடிப்போவதில்லை என்பதால், ஓரளவு சமாளிக்கும். சோலைக்குள் மரத்துக்கு மரம் வளைந்து போக வேண்டியதற்குத்தான் கஷ்டம். இது என் ஊகம்தான். ஆனால் கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கருவுற்ற பெண் வௌவாலை நினைத்தால் இன்னும் தெளிவாகும். பிறக்கும்போது குட்டி தாயின் எடையில் கால் பங்கு அளவுக்கு இருக்கும். அந்தச் சுமையோடு கிழிந்த இறக்கை என்றால், இளைத்து ஈடுகட்டுகிற வழியும் அடைபட்டுவிடுகிறது.

நல்ல செய்தி, இறக்கைத் தோல் வேகமாக ஆறும். ஆராய்ச்சிக்காக வௌவாலின் இறக்கையிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் அளவு வட்டமாகத் தோல் எடுப்பது உலகெங்கும் வழக்கம். அந்த ஓட்டை சில வாரங்களில் மூடிவிடுகிறது. கனடாவில் ஒரு குழு இதையே அளந்து பார்த்தபோது, விரல்களுக்கு இடையிலுள்ள தோலைவிட வாலையொட்டிய தோல் சீக்கிரம் ஆறியது. வால் பக்கத்தில் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. புதிய தோல் முதலில் வெளுப்பாக இருக்கும். வௌவாலைப் பிடித்து விரித்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் அந்த வெள்ளைத் தழும்புகளை வைத்தே பழைய காயங்களை அடையாளம் காண்கிறார்கள். ஆக, டீக்கடைத் தம்பியின் கேள்விக்குப் பதில்: நடுவில் ஓட்டை, எலும்பு சரியாக இருக்கிறது, பறந்தும் போய்விட்டது என்றால் பெரும்பாலும் பிழைக்கும்.

எலும்பென்றால் கதை வேறு. விரல் எலும்பு ஒன்று முறிந்து கோணலாகக் கூடிய பிறகும் பறந்து திரிந்த வௌவால்களை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த எலும்புகள் நுனிப்பக்கம் சுண்ணாம்புச் சத்து குறைந்து, வளையும் தன்மையோடு இருப்பதால் முறிவதே குறைவு. ஆனால் முழங்கை, மணிக்கட்டு, தோள் போனால் மடக்கி விரிக்கும் வேலையே நின்றுவிடும். ஒவ்வொரு மேலடிப்பிலும் வௌவால் இறக்கையை மடக்கி உடம்போடு ஒட்டி மேலே கொண்டுபோகிறது. அதில்தான் சக்தி மிச்சம். மூட்டு இறுகினால் அதுவும் இல்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து காய்ந்துவிட்டால் நம்பிக்கை வைப்பதற்கில்லை.

இந்தக் காயங்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? ஒன்று பூனை. இன்னொன்று மின்கம்பி, பெரிய பழந்தின்னி இறக்கை விரித்தால் இரண்டு கம்பியையும் தொட்டுவிடும் அகலம். மாஞ்சா நூல் சமவெளித் தொல்லை. பழமரத்தின்மேல் போடும் அகலக்கண் நைலான் வலை உண்டு. மலையில் எல்லாவற்றுக்கும் மேல் முள்கம்பி.

முள்கம்பியில் மாட்டிய வௌவாலைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முதலில் முள் குத்தியது ஓர் இடத்தில்தான் இருக்கும். தப்பிக்கச் சுழன்று சுழன்று, தோல் கம்பியைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும். கம்பியைக் கடித்துக் கடித்து வாயும் ஈறும் புண்ணாகியிருக்கும். இறக்கையை மட்டும் பார்த்துவிட்டு விடுவித்தால், வாய்ப்புண்ணால் எதையும் தின்ன முடியாமல் அது சாகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டோல்கா வௌவால் மருத்துவமனை என்றே ஒன்று இருக்கிறது. முள்கம்பியில் சிக்கிய பழந்தின்னிகளைப் பராமரிப்பது அவர்களுடைய வழக்கமான வேலைகளில் ஒன்று. இப்படிப்பட்ட காயத்தில் முதல் நாள் தெரிவது பாதிதான். ரத்தக் குழாய் நசுங்கிய தோல் சில நாள் கழித்துத்தான் கறுத்து உதிரும். காலையில் சின்னதாக இருந்த ஓட்டை வாரக்கடைசியில் பெரிதாகியிருக்கும். மின்சாரம் தாக்கியதும் இப்படித்தான்.

அதனால் எடுத்தவுடன் ஆகாசத்தில் தூக்கி எறிய வேண்டாம். வௌவால் தொங்கிய இடத்திலிருந்து விழுந்தபடி இறக்கை விரித்துப் பறப்பது. காயத்தோடு மேலே எறிந்தால் நேராகத் தரைக்குத்தான் வரும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே தொற்றிக்கொள்ளப் பழைய துணி, இருட்டு, சத்தமில்லாத மூலை. பால் ஊற்ற வேண்டாம். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லிவிடுங்கள். முறுக்கிய தோலைப் பிய்த்து எடுக்காமல், முடிந்தால் கம்பியையே இரு பக்கமும் வெட்டி, அதோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.

வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். கேரளத்தில் நிபா தலைகாட்டும்போது கூடலூர், பந்தலூர் பக்கத்து எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பரிசோதனை நடப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழந்தின்னி வௌவால் அந்த வைரஸைச் சுமக்கும் விலங்கு. தடித்த கையுறை, மேலே ஒரு துண்டு, இரண்டும் வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சொன்னவுடன் “அப்ப எதுக்கு வம்பு, அடிச்சுப் போட்டுடலாம்” என்பவரும் பெஞ்சில் ஒருவர் இருப்பார். ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்று இன்னொருவர் ஆரம்பிப்பார். கறியால் ஆஸ்துமா போகாது. அடிப்பதும் இப்போது குற்றம். பழந்தின்னிகள் நெடுங்காலம் வனவிலங்குச் சட்டத்தில் எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை விலங்காக வைக்கப்பட்டிருந்தன. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அந்தப் பட்டியலே இல்லை. பெரிய பழந்தின்னி இப்போது இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். பழமரத்துக்கு வலை போட்டால் சுண்டுவிரல் நுழையாத கண்ணுள்ளதாகப் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுத் தோட்டத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணுள்ள வலையே கூடாது. வேலியில் பறக்கும் விலங்கு மாட்டுவது பெரும்பாலும் மேல் இழையில்தான். கீழே முள்கம்பி இருக்கட்டும், பன்றிக்கு அது வேண்டும். மேலே ஒரே ஓர் இழையை மட்டும் முள்ளில்லாத வெறும் கம்பியாக மாற்றிக் கட்டுங்கள்.